கைப்பிடியைச் சுற்றும் பையன்

பிரான்ஸில் 1899க்கும் 1910க்கும் இடையில் அச்சான வண்ணப்பட அட்டைகள் சில உண்டு. 2000ஆம் ஆண்டில் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்று காட்டுபவை. அவற்றில் ஒன்று வகுப்பறை. பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவன் தலையிலும் காதை மூடிய ஒரு மாட்டி. மேலே ஓடும் கம்பியிலிருந்து கிளைக்கம்பிகள் இறங்கி அவற்றில் சேர்கின்றன. ஓரத்தில் வாத்தியார் தடித்தடியான புத்தகங்களை எடுத்து ஒரு யந்திரத்தின் வாயில் போடுகிறார். யந்திரம் அவற்றை அரைத்துச் சாரத்தை மின்சாரமாக்கிப் பிள்ளைகளின் மண்டைக்குள் அனுப்புகிறது. ஊரடங்குக் காலத்தில் கைபேசியில் பாடம் நடக்கத் தொடங்கியபோது இந்தப் படத்தை எனக்குப் பலர் அனுப்பினார்கள், அன்றைக்கே சொல்லிவிட்டான் பார் என்று. நான் பார்த்தது வேறு. யந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பையன் நின்று அதன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். அவன் தலையில் மாட்டி இல்லை. வகுப்பு முழுவதற்கும் படிப்பு போய்ச்சேர்கிறது, அவன் கைவலிமையில். அவனுக்கு மட்டும் ஒரு வரிகூடப் போகவில்லை. அன்றிலிருந்து இவன் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறான். தண்டனை பெற்ற மாணவனா? முறைவைத்துச் சுற்றுகிறார்களா, நாளைக்கு முதல் பெஞ்சுக்காரன் வருவானா? அல்லது எந்தக் காலத்திலும் எந்தப் பள்ளியிலும் கைப்பிடியைச் சுற்றுவதற்கென்றே அனுப்பப்படுகிற வீட்டுப் பிள்ளையா?

ஓவியனுக்குக் கற்பனை போதவில்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அது ஒட்டவில்லை. இந்த அட்டைகள் 1900ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டித் தொடங்கியவை. அந்தக் கண்காட்சியில் மின்சாரத்துக்கென்றே ஓர் அரண்மனை கட்டியிருந்தார்கள். மனிதர்களை நிற்கவைத்தே சுமந்துசெல்லும் நடைபாதை மின்சாரத்தில் ஓடியது. அதே வருஷம் ஜூலையில் பாரிஸ் மெட்ரோவும் ஓடத் தொடங்கிவிட்டது. மோட்டார் என்ன செய்யும் என்று அந்த ஊரில் தெருவில் போகிறவனுக்கும் தெரியும். புத்தகத்தை மின்சாரமாக்கும் யந்திரத்தை யோசித்தவனுக்கு, அதைச் சுற்ற ஒரு மோட்டாரை வரைய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனாலும் ஒரு கை தேவைப்பட்டிருக்கிறது. மற்ற அட்டைகளையும் எடுத்துப் பார்த்தால் இது தற்செயல் இல்லை என்று தெரிகிறது. ழான்-மார்க் கோத்தேயும் வேறு சிலரும் வரைந்தவை, பின்னால் வில்மார் என்பவர் வரைந்தவை, பலவற்றிலும் யாரோ ஒருவர் ஒரு விசையைப் பிடித்தபடி நிற்கிறார் அல்லது உட்கார்ந்திருக்கிறார். இரும்புக் கைகள் வாடிக்கையாளரின் முகத்தை மழிக்கின்றன, நாவிதர் தள்ளியிருந்து நெம்புகோலை அசைக்கிறார். அறுவடை யந்திரம் வயலில் தானாக நகர்கிறது, விவசாயி விசைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தரையைத் தேய்க்கும் மின் துடைப்பான் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டுவது ஏப்ரன் கட்டிய வேலைக்காரப் பெண். வேலை மாறியிருக்கிறது, வேலைக்காரி மாறவில்லை. தூரத்திலிருப்பவளின் உருவத்தைத் திரையில் பார்த்துப் பேசும் கனவானுக்குப் பக்கத்தில்கூடக் கருவியை இயக்க ஓர் ஆள் இருக்கிறான். அவர்கள் கொஞ்சிக்கொண்டால் முழுவதும் அவன் காதில் விழும். யாருக்கும் அது கூச்சமாக இல்லை.

பழைய காலத்தவர் கண்ட எதிர்காலங்கள் மேல் இன்றைக்கு இருக்கும் மோகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது, நமக்கு இல்லை, இல்லாததற்காக ஏங்குகிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களை வரைந்தவர்கள் பாதிப் பேர் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். 1883இல் இருபதாம் நூற்றாண்டைப் பற்றி ஒரு முழு நாவலை எழுதிப் படமும் வரைந்த அல்பேர் ரொபிதா அடிப்படையில் கேலிச்சித்திரக்காரர். வீட்டுக்குள் நாடகத்தையும் செய்தியையும் கொண்டுவரும் திரையை அவர் வரைந்ததில் வியப்பைவிடச் சிரிப்பு அதிகம். தண்ணீருக்கடியில் பந்தாடும் கனவான்களையும், திமிங்கலத்தில் பூட்டிய பயணிகள் வண்டியையும் வரைந்தவன் 2000ஐ நம்பி வரையவில்லை. நம்பிக்கை நாம் போய் வைத்துவிட்டு வருவது. இறந்துபோன தாத்தாவின் புகைப்படத்தில் ஒரு கம்பீரத்தைப் பார்க்கிறோம். அந்தக் காலத்துக் கேமரா முன்னால் அசையாமல் நிற்கச் சொன்னதுதான் அந்தக் கம்பீரம்.

அப்படியானால் எது இழுக்கிறது? என் மட்டில், பார்த்தவுடன் புரிந்துவிடுகிற அந்த யந்திரங்கள்தாம். இதை இழுத்தால் அது திரும்பும், அது திரும்பினால் இது மழிக்கும். பல்சக்கரம், கயிறு, குழாய், பித்தளை, தோல்வார். ஓட்டுகிறவன் எங்கே உட்கார வேண்டும் என்பதுகூடத் தெரியும். என் கையிலிருக்கும் கைபேசி ஒரு கண்ணாடிச் சில்லு. அதன் எந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது, திறந்து பார்த்தாலும் தெரியப்போவதில்லை. பித்தளைக் குமிழும் வால்வும் வைத்த பழைய மாதிரி வானொலிகளை, உள்ளே புளூடூத் சில்லு வைத்து, இன்றைக்குப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். குமிழைத் திருகும்போது ஒரு 'டிக்' சத்தம் வரவேண்டும் என்பதற்காகவே அதற்குள் ஒரு சிறு பொறி வைக்கிறார்கள். ஸ்டீம்பங்க் என்று பெயர் சொல்லிக்கொண்டு பொறியியல் படித்த பிள்ளைகள் தொப்பியில் பல்சக்கரம் ஒட்டிக்கொண்டு வருவது எனக்குச் சிரிப்பை வரவழைத்தாலும், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. கைக்கு ஏதாவது அகப்பட வேண்டும் என்கிற ஆசை அது.

இந்த இடத்தில்தான் என் சந்தேகமும் ஆரம்பிக்கிறது. நான் கைப்பிடியை ரசிக்கிறேனா, சுற்றுகிறவனையா? தொப்பியில் ஒட்டிய பல்சக்கரத்தோடு எந்த நாவிதரும் எந்த வேலைக்காரப் பெண்ணும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. பித்தளை மட்டும் பளபளவென்று வந்து சேர்கிறது. விக்டோரியா காலத்து யந்திரக் கனவை ஆசையோடு திரும்பக் கட்டும் எவரும் மறக்காமல் விட்டுவிடுவது நிலக்கரியை அள்ளிப் போட்டவனை. வகுப்பறைப் படத்தை அனுப்பிய என் நண்பர்களில் ஒருவரும் அந்தப் பையனைப் பற்றிப் பேசவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த மாதிரிப் படத்தைப் பார்க்கும்போது நாம் எல்லோரும் பெஞ்சில்தான் போய் உட்காருகிறோம்.

1962இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'ஜெட்சன்ஸ்' கார்ட்டூனில் கைப்பிடி பொத்தானாகச் சுருங்கிவிட்டது. குடும்பத் தலைவர் ஜார்ஜ் ஜெட்சனுக்கு அலுவலகத்தில் வேலையே பொத்தான் அழுத்துவதுதான். வாரத்துக்குச் சில மணி நேரம் அழுத்திவிட்டு, பறக்கும் காரில் வீடு திரும்பி, விரல் வலிக்கிறது என்று புலம்புவார். வீட்டில் ரோஸி என்ற யந்திர வேலைக்காரி. வெள்ளை ஏப்ரன், அதட்டல் குரல், கொஞ்சம் பழைய மாடல் என்பதால் மலிவாகக் கிடைத்தவள். கார் பறக்கிறது, வீடு கம்பத்தின் உச்சியில் நிற்கிறது, ஆனால் அப்பா சம்பாதிக்கிறார், அம்மா கடைக்குப் போகிறாள், வேலைக்காரி முணுமுணுக்கிறாள். எல்லாம் தலைகீழாக மாறும், உன் சாப்பாட்டு மேசை மட்டும் அப்படியே இருக்கும் என்று உறுதி கொடுத்த எதிர்காலம் அது. அந்த உறுதிமொழி எவ்வளவு சுகமானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் விரல் வலி என்கிற நகைச்சுவை இருக்கிறதே, அதில் ஏதோ ஒரு நேர்மை இருக்கிறது. உழைப்பு முழுவதும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல அந்தக் கார்ட்டூனுக்கும் மனம் வரவில்லை. ஒரு விரல் நுனியிலாவது அதை மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

சில எதிர்காலங்களைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அந்த பிரெஞ்சு அட்டைகளில் ஒன்று ரேடியத்தால் குளிர்காயும் வீட்டைக் காட்டுகிறது. விறகு எரிய வேண்டிய கணப்பில் ஒரு துண்டு ரேடியம் ஒளிர்கிறது. நல்ல உடையணிந்தவர்கள் அதைச் சுற்றி நிம்மதியாக இருக்கிறார்கள். மேரி க்யூரியும் பியர் க்யூரியும் ரேடியத்தைக் கண்டறிந்தது 1898இல். அணையாத சூடு, புகையில்லாத ஒளி என்று அது ஒரு அதிசயமாகப் பேசப்பட்ட காலம். கணப்புக்கு ரேடியம் வரவில்லை, கைக்கடிகாரத்துக்கு வந்தது. முதல் உலகப் போரின்போது இருட்டில் ஒளிரும் முகப்புகள் தேவைப்பட்டன. நியூஜெர்சியின் ஆரஞ்ச் நகரத் தொழிற்சாலையில் இளம்பெண்கள் எண்களை ரேடியக் கலவையால் தீட்டினார்கள். தூரிகை நுனி கூர்மையாக இருக்க வேண்டும். அதற்கு உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உதடு, கலவை, எண், திரும்ப உதடு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது அவர்களுடைய தலைமுடியும் உடுப்பும் இருட்டில் ஒளிர்ந்தன. விளையாட்டாக நகத்திலும் பல்லிலும் பூசிக்கொண்டவர்கள் உண்டு. பிறகு பல் விழுந்தது, தாடை எலும்பு உதிர்ந்தது. 1927இல் ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். இன்று பழைய சந்தையில் அந்த மாதிரி ரேடிய முகப்புக் கடிகாரத்தைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மங்கிய மஞ்சள் எண்களின் அழகைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அழகாகத்தான் இருக்கின்றன, நானும் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு எண்ணின் வளைவிலும் ஒரு கையின் பதற்றமோ நிதானமோ தெரியும், அச்சில் அது வராது.

நிறைவேறாமல் போனதுதான் பழைய எதிர்காலத்தின் வசீகரம் என்று ஒரு கட்சி உண்டு. அதில் எனக்குப் பாதி உடன்பாடு. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் அரங்கத்துக்கு மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். நார்மன் பெல் கெடஸ் வடிவமைத்த 'ஃபியூச்சராமா': நகரும் நாற்காலியில் உட்கார்ந்தால், கீழே 1960ஆம் ஆண்டின் அமெரிக்கா பொம்மையாக விரியும். ஐந்து லட்சம் குட்டிக் கட்டடங்கள், பத்து லட்சம் மரங்கள், ஐம்பதாயிரம் கார்கள், அவற்றில் பத்தாயிரம் உண்மையாகவே ஓடுபவை. நாற்காலியிலிருந்தே ஒரு குரல் காதோடு விளக்கம் சொல்லும். வெளியே வரும்போது, எதிர்காலத்தைப் பார்த்துவிட்டேன் என்று எழுதிய சட்டைப் பொத்தான் ஒன்றைக் கொடுத்தார்கள். பொருளாதார மந்தத்தில் பத்து வருஷம் நைந்துபோன ஜனங்கள் அதைக் குத்திக்கொண்டு போனார்கள். கண்காட்சி நடந்த இடம் அதற்கு முன்பு நகரத்தின் சாம்பல் கொட்டும் மைதானம். இந்த எதிர்காலம் வந்தே விட்டது. அகல நெடுஞ்சாலைகள் வந்தன, நகரங்களைக் கிழித்துக்கொண்டு ஓடின. கண்காட்சிக்கு இடம் ஒருக்கிக்கொடுத்த ராபர்ட் மோசஸ்தான் பின்னாளில் பிராங்க்ஸ் பகுதியின் குடியிருப்புகளுக்கு நடுவே விரைவுச்சாலை போட்டு ஆயிரக்கணக்கானவர்களைக் கிளப்பியவர். அந்தச் சாலையின் புகைப்படத்தை யாரும் ஏக்கத்தோடு சுவரில் மாட்டுவதில்லை. பொம்மை நகரத்தின் புகைப்படத்தை மாட்டுகிறார்கள். என் உடன்பாடு பாதியோடு நிற்பது எதனால் என்றால், நிறைவேறாத கனவு யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்ற நினைப்பு அதில் ஒளிந்திருக்கிறது. ரேடியக் கணப்பும் நிறைவேறாத கனவுதான்.

அந்த வகுப்பறைக் கம்பிகளுக்குத் திரும்ப வேண்டும். அந்தக் காலத்து மின்கம்பியின் மேலுறை ரப்பர். அட்டைகள் வெளிவரத் தொடங்கிய ஆண்டுகளில் அது அமேசான் காட்டிலிருந்தும், பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் காங்கோவிலிருந்தும் வந்தது. குறித்த அளவு ரப்பர் கொண்டுவராத ஊர்களில் மனிதர்களின் கைகளை வெட்டினார்கள் என்பது புகைப்படச் சாட்சியோடு வெளிவந்த வரலாறு. 1910இல் ரப்பர் விலை எகிறியபோது மலாயாவில் காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள், பால்மரம் சீவக் கங்காணிகள் நம் ஊர்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆகவே 2000ஆம் ஆண்டைப் பற்றிய பிரெஞ்சுக் கனவில் தமிழ்க் கைகளுக்கும் வேலை இருந்தது, சட்டகத்துக்கு வெளியே. கைப்பிடியைச் சுற்றும் பையனுக்கு வகுப்பறைக்குள் நிற்க இடமாவது கிடைத்தது. அதே காலத்தில் சென்னையின் கச்சேரிகளிலும் துரைமார் பங்களாக்களிலும் பங்கா ஆடிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து தொங்கும் நீண்ட துணிவிசிறி. அதன் கயிறு சுவரின் ஓட்டை வழியாக வராந்தாவுக்குப் போகும். அங்கே ஒருவன் உட்கார்ந்து, சில சமயம் மல்லாந்து கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இழுத்துக்கொண்டிருப்பான். உள்ளே காற்று மட்டும் வரும். தூங்கிவிட்டால் காற்று நிற்கும்; அப்போதுதான் உள்ளே இருப்பவருக்கு அவன் ஞாபகம் வரும்.

இன்றைய எதிர்காலம் பங்கா மாதிரியில் கட்டப்பட்டது. கேட்டவுடன் பதில் சொல்லும், படத்தைப் பார்த்து இது பூனை என்று சொல்லும் யந்திரங்களுக்கு, இது பூனை, இது பூனையில்லை என்று லட்சக்கணக்கான படங்களுக்குச் சீட்டு ஒட்டிக் கற்பித்தவர்கள் கென்யாவிலும் பிலிப்பைன்ஸிலும் நம் சிற்றூர்களிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். கயிறு மட்டும் நீளமாகிவிட்டது. சுஜாதா எண்பதுகளில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வை இப்போது திரும்பப் படித்தால், அந்தக் கதை நடக்கும் ஆண்டுகளை நாட்காட்டி தாண்டிவிட்டது என்பது முதலில் வேடிக்கையாக இருக்கிறது. யந்திர நாய் ஜீனோவின் வாயாடித்தனத்தை எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு இப்போது பெரிதாகப் படுவது, நாட்டையே ஆளும் ஜீவா வெறும் ஒளிப்பிம்பம் என்றும் பின்னாலிருந்து அதை ஆட்டுகிறவர்கள் வேறு என்றும் தெரியவருகிற கட்டம். ஆட்டுகிற கையைத் தேடிப் போவதுதான் அந்தக் கதையின் ஓட்டம். அவர் கணினியைச் சரியாக ஊகித்தாரா என்று இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த பிரெஞ்சு ஓவியர்களுக்கு அறச்சீற்றம் இருந்தது, அதனால்தான் பையனை வரைந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு மறைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சமையற்காரியும் வண்டிக்காரனும் வீட்டுக்குள்ளேயே நடமாடிய உலகத்தில், யந்திரம் வந்தால் அதையும் அவர்களே ஓட்டுவார்கள் என்பது சொல்லவே தேவையில்லாத விஷயம். அந்த வெட்கமின்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது பற்றி எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. ஏனென்றால் ஏற்றத்தாழ்வு கண்ணெதிரே நின்றால் அது ஓரளவு மனிதத்தன்மையோடு இருக்கும் என்று நினைப்பது, பண்ணை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் நினைத்துக்கொண்டதுதான்.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சவூதி அரேபியப் பாலைவனத்தில் 2021இல் அறிவித்த 'தி லைன்' நகரத்தின் வரைபடங்களைப் பார்த்திருப்பீர்கள். 170 கிலோமீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம், 500 மீட்டர் உயரம், இரு பக்கமும் முழுக்கக் கண்ணாடிச் சுவர். உள்ளே தொங்கும் தோட்டங்கள், வெள்ளை உடையில் உலாவும் குடும்பங்கள், மாலை வெயில். எந்தப் படத்திலும் ஒரு விசை கிடையாது, ஒரு வாளி கிடையாது, ஏணியில் நிற்கும் ஒருவன் கிடையாது. நூறு வருஷம் கழித்து யாராவது இதைத் தேடியெடுத்து ரசிப்பார்களா என்று யோசித்துப் பார்த்தேன். ரசிக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது, பிடித்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. மணற்புயல் அடிக்கிற ஊரில் 500 மீட்டர் கண்ணாடியை யார் துடைப்பார்கள் என்ற கேள்விக்கு அந்தப் படங்கள் பதில் சொல்லவில்லை. அது கட்டி முடிக்கப்பட்டால், ஆள் கேட்டு எந்த ஊர் ஏஜெண்டுகளுக்கெல்லாம் போன் வரும் என்பது பரமக்குடியிலும் கும்பகோணத்திலும் தெரியும்.